ஸ்பீக்கரைக் குறையுங்க... பிள்ளைங்க பரீட்சைக்குப் படிக்குது!

ராத்திரி மணி 11.40. புளியந்தோப்பு பக்கம் ஒரு சந்து. பத்தடிக்குப் பத்தடி வீடு. அதில் 5 பேர்.

அப்பா ஆட்டோ ஓட்டிவிட்டு வந்து படுத்துவிட்டார். தம்பி சுவரோரம் சுருண்டு கிடக்கிறான். பாட்டிக்கு இருமல். அம்மா மட்டும் தூங்கவில்லை. காரணம், மகள் பிளஸ்-2. விடிந்தால் கணக்குப் பரீட்சை!

பல்பு எரிந்தால் அப்பாவுக்குத் தூக்கம் வராது. அவர் 4 மணிக்கெல்லாம் எழுந்து கோயம்பேடு சவாரிக்குப் போக வேண்டும். பல்பை அணைத்தால் மகளுக்குப் படிப்பு போச்சு. அம்மா ஒரு காரியம் செய்தார். பழைய காலண்டர் அட்டையை எடுத்தார். பல்புக்கு ஒரு பக்கம் மட்டும் மறைப்பு கட்டினார். வெளிச்சம் புத்தகத்தின் மேல். இருட்டு அப்பாவின் முகத்தின் மேல். இரண்டு பேருக்கும் நிம்மதி.

இதற்கு ஆன செலவு? ஒரு பைசா கூட இல்லை.

பக்கத்து வீட்டு ஆயா கதவைத் தட்டினார். கையில் டம்ளர். "இன்னா கண்ணு, இன்னும் தூங்கலியா? இந்தா, சுக்கு காப்பி. குடிச்சிட்டு படி" என்றார்.

அந்த நேரம் பார்த்துத்தான் தெருமுனையில் மைக் செட் அலறியது. யாருக்கோ பிறந்த நாளாம்! பாட்டு, விசில், வெடி. சந்தே அதிர்ந்தது. மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு புத்தகத்தைப் பார்த்தாள். அம்மா கையில் இருந்த டம்ளர் அப்படியே நின்றது.

வடசென்னையில் எந்தச் சந்தில் நுழைந்தாலும் மார்ச் மாதத்தில் பார்க்கக்கூடிய காட்சி இது. அட்டையும் சுக்கு காப்பியும் ஒரு பக்கம். ஸ்பீக்கர் இன்னொரு பக்கம். நடுவில் ஒரு பிள்ளையின் ஒரு வருஷ உழைப்பு.

7 லட்சத்து 92 ஆயிரம் பேர்

தமிழ்நாட்டில் பி.யு.சி. படிப்பு போய் பிளஸ்-2 வந்தது 1978-ல். அன்று முதல் பங்குனி வெயிலும் பரீட்சையும் ஒன்றாகத்தான் வருகின்றன. 2025-ம் ஆண்டில் பிளஸ்-2 பரீட்சை மார்ச் 3-ந்தேதி தொடங்கியது. 10-வது வகுப்புக்கு மார்ச் 28-ந்தேதி. பிளஸ்-2 மட்டும் எழுதியவர்கள் சுமார் 7 லட்சத்து 92 ஆயிரம் பேர்.

மொத்தம் 600 மார்க். இந்த மார்க்கை வைத்துத்தான் என்ஜினீயரிங்கா, ஆர்ட்ஸ் காலேஜா, அல்லது பட்டறை வேலையா என்பது முடிவாகிறது. ஆட்டோக்காரர் மகளுக்கும் அது ஒன்றுதான் ஏணி. அடையாறு டாக்டர் மகளுக்கும் அதே கேள்வித்தாள்தான்.

கேள்வித்தாள் ஒன்று. ஆனால் படிக்கும் இடம் ஒன்றா?

டாக்டர் வீட்டுப் பிள்ளைக்குத் தனி அறை. ஏ.சி. மேஜை, நாற்காலி. கேட்டால் ஹார்லிக்ஸ். கதவைச் சாத்தினால் வெளிச் சத்தம் கேட்காது. சந்து வீட்டுப் பிள்ளைக்கு அறையும் ஒன்று, கதவும் ஒன்று. அந்தக் கதவையும் சாத்தினால் வேர்வையில் புத்தகம் நனையும்.

இந்த வித்தியாசத்தை ஒரு நாளில் யாராலும் சரிசெய்ய முடியாது. ஆனால் அந்த ஒரு மாதத்தைக் கடக்க சின்னச் சின்ன சவுகரியம் செய்து கொடுக்கலாம். அது எல்லோராலும் முடியும்.

டீயும் தயிர் சாதமும்

பரீட்சைப் பிள்ளைகளைக் கேட்டால் அவர்கள் பெரிதாக ஒன்றும் கேட்பதில்லை. ராத்திரி ஒரு டம்ளர் டீ. பசித்தால் இரண்டு பொறை, அல்லது ஒரு கடலை மிட்டாய். முகத்துக்கு நேராக ஒரு டேபிள் பேன். கால் நீட்ட இடம். அவ்வளவுதான்!

2011-ல் அரசாங்கம் வீட்டுக்கு வீடு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது. ஓட்டுக்காக என்று கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் அந்த மின்விசிறிக் காற்றில் எத்தனை பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தன என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. 2016 முதல் வீடுகளுக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம். "பேனை அணை, கரண்டு பில் ஏறுது" என்ற பேச்சு பல வீடுகளில் குறைந்தது அதனால்தான். பெரிய திட்டம் என்று பேசுவதெல்லாம் கடைசியில் பிள்ளை முகத்தில் படும் காற்றாகத்தான் வந்து சேர வேண்டும்.

சாப்பாட்டு விஷயத்தில் அம்மாக்கள் சொல்வதுதான் சரி. பரீட்சைக்கு முதல் நாள் பிரியாணி வேண்டாம். தயிர் சாதம், தொட்டுக்க மாவடு. வயிறு படுத்தாது. காலையில் இரண்டு இட்லி. வல்லாரைக் கீரை சாப்பிட்டால் ஞாபக சக்தி வரும் என்று பாட்டிமார் சொல்வார்கள். வருகிறதோ இல்லையோ, பாட்டி தன் கையால் ஊட்டுகிறாள் என்ற தெம்பு வரும்.

பள்ளிக்கூடங்களிலும் இது தேவை. மாலை 6 மணி வரை ஸ்பெஷல் கிளாஸ் நடக்கிறது. மதியம் சாப்பிட்ட பிள்ளைக்கு அப்போது கண் இருட்டும். ஒரு கிண்ணம் சுண்டல் கொடுக்கும் பள்ளிகள் உண்டு. கொடுக்காத பள்ளிகளும் உண்டு. சத்துணவு 10-வது வகுப்போடு நின்றுவிடுகிறது. பிளஸ்-2 பிள்ளைக்கு மட்டும் பசி எடுக்காதா என்ன? ஊருக்கு நாலு வியாபாரிகள் சேர்ந்தால் ஒரு பள்ளிக்கு ஒரு மாதம் சுண்டல் போடுவது கஷ்டமே இல்லை.

தூக்கமும் ஒரு சவுகரியம்தான்

"ராத்திரி பூரா முழிச்சிப் படிச்சான் சார், ஆனா ஹால்ல எல்லாம் மறந்துட்டான்" என்று புலம்பும் அப்பாக்கள் நிறைய. மறக்காமல் என்ன செய்யும்? பகலில் படித்தது மண்டையில் தங்குவது தூக்கத்தில்தான். இந்த வயசுப் பிள்ளைகளுக்கு 8 மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்பது டாக்டர்கள் கணக்கு. பரீட்சை நேரத்தில் 8 கிடைக்காது. 6-ஆவது கிடைக்க வேண்டாமா?

டீ குடித்தால் அதன் வேகம் பல மணி நேரம் உடம்பில் நிற்கும். ஆகவே 9 மணி டீ சரி. 12 மணி டீ, 1 மணி டீ என்று போனால் தூக்கமும் கெடும், மறுநாளும் கெடும்.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. தூக்கம் வராமல் இருக்க மாத்திரை என்று நண்பன் கொண்டு வந்து கொடுப்பான். தொடவே கூடாது. டாக்டர் சீட்டு இல்லாத மாத்திரை எதுவும் படிப்புக்கு உதவாது.

"கொஸ்டின் பேப்பர் அவுட்" என்று வாட்ஸ்-அப்பில் வரும் தகவலும் அப்படித்தான். பணம் அனுப்பினால் ஒரிஜினல் பேப்பர் வரும் என்பான். பணம்தான் போகும். போனால் போகட்டும், அந்த ராத்திரியும் சேர்ந்து போய்விடும். கவலையில் இருக்கும் பிள்ளைதான் இவர்களுக்கு இரை. பக்கத்தில் உட்கார்ந்து "அதெல்லாம் வேணாம் ராஜா, தெரிஞ்சதை எழுது போதும்" என்று சொல்ல ஒரு ஆள் இருந்தால் எந்தப் பிள்ளையும் இந்த வலையில் விழாது.

ராசிப் பேனா

பரீட்சைக்கு முதல் நாள் பிள்ளையார் கோவிலில் பாருங்கள். ஹால் டிக்கெட், பேனா, ஸ்கேல், எல்லாம் சாமி காலடியில். சாந்தோம் சர்ச்சிலும் கூட்டம். தர்காவிலும் ஓதி வாங்கிய தண்ணீர்.

"பேனாவா எழுதப் போவுது? படிச்சிருந்தா எழுதுவான்" என்று பகுத்தறிவு பேசுகிறவர்கள் பேசட்டும். பேனாவில் ஒன்றும் இல்லை. உண்மைதான். ஆனால் ஹாலில் உட்கார்ந்ததும் கை நடுங்குகிறதே, அதற்கு என்ன மருந்து? அரையாண்டுப் பரீட்சையில் எழுதிய அதே பேனாவைப் பிடித்தால் நடுக்கம் நிற்கிறது என்றால் நல்லதுதானே? காசு கேட்காத நம்பிக்கை. யாருக்கும் கெடுதல் இல்லை. இருந்துவிட்டுப் போகட்டும். படிக்காமல் பேனாவை மட்டும் நம்பினால்தான் தப்பு.

அரசாங்கமே ஒரு சின்ன சவுகரியம் செய்திருக்கிறது. காலை 10 மணிக்குப் பரீட்சை மணி அடித்தாலும், முதல் 10 நிமிஷம் கேள்வித்தாளைப் படிக்க மட்டும்தான். அடுத்த 5 நிமிஷம் விடைத்தாளின் முதல் பக்க விவரங்களைச் சரிபார்க்க. எழுதத் தொடங்குவது 10.15-க்கு. அந்த 10 நிமிஷத்தில்தான் படபடப்பு அடங்குகிறது. தெரிந்த கேள்வி கண்ணில் படுகிறது. 10 நிமிஷம் கொடுத்ததால் அரசாங்கத்துக்கு நஷ்டம் ஒன்றுமில்லை!

"அந்தக் காலத்துல நாங்க படிக்கலையா?"

இப்படி ஒரு கேள்வி எல்லா வீட்டிலும் வரும். சிம்னி விளக்கில் படித்த பெரியப்பா கேட்பார். "இவங்களுக்கு பேன் வேணுமாம், டீ வேணுமாம். செல்லம் குடுத்துக் கெடுக்கிறீங்க" என்பார்.

சென்னை ஐகோர்ட்டின் முதல் இந்திய நீதிபதி முத்துசாமி அய்யர். தெரு விளக்கு வெளிச்சத்தில் படித்து முன்னுக்கு வந்தவர் என்று சொல்வார்கள். ஐகோர்ட்டில் அவருக்குச் சிலை இருக்கிறது. பெருமைதான். ஆனால் அதே தெரு விளக்கின் கீழ் படித்துக் கண் கெட்டு, பாதியில் படிப்பை விட்டவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்கு யார் சிலை வைத்தார்கள்?

கஷ்டத்தில் படித்து ஒருவர் ஜெயித்தால் அது அவருடைய திறமை. கஷ்டத்தால்தான் ஜெயித்தார் என்று சொன்னால் அது தப்புக் கணக்கு. பெரியப்பா சிம்னி விளக்கில் படித்தார் என்றால், அந்த வெளிச்சத்தையாவது யாரோ அவருக்கு ஏற்றி வைத்தார்கள் என்பதையும் அவர் நினைக்க வேண்டும்.

சட்டம் இருக்கிறது

இனி சத்தத்துக்கு வருவோம். பல்புக்கு அட்டை கட்டலாம். ஸ்பீக்கருக்கு அட்டை கட்ட முடியாது.

2000-ம் ஆண்டிலேயே மத்திய அரசு ஒலி மாசு விதிகளைக் கொண்டு வந்துவிட்டது. ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. பகலிலும் எழுத்து மூலம் அனுமதி வேண்டும். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், ராத்திரி 45 டெசிபல்தான் எல்லை. பகல் எல்லை என்பதே ஏறக்குறைய இரண்டு பேர் சாதாரணமாகப் பேசிக்கொள்ளும் சத்தம்தான். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கோர்ட்டைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதிப் பகுதி. திருவிழாக்களுக்காக ராத்திரி 12 மணி வரை மாநில அரசு விலக்கு கொடுக்கலாம். அதுவும் வருஷத்துக்கு 15 நாளுக்கு மேல் கூடாது.

எத்தனை தெருவில் இது நடக்கிறது?

பங்குனியில்தான் கோவில் விழா. பங்குனியில்தான் கல்யாணம். ஐ.பி.எல். கிரிக்கெட்டும் அதே சமயம். 2024-ல் 10-வது வகுப்புப் பரீட்சை மார்ச் 26 முதல் ஏப்ரல் 8 வரை நடந்தது. ஏப்ரல் 19-ந்தேதி ஓட்டுப்பதிவு! ஆகவே பரீட்சை நாட்கள் முழுக்க பிரசார வேன்கள். "மாணவச் செல்வங்களின் எதிர்காலமே எங்கள் லட்சியம்" என்று வேனில் கத்திக்கொண்டே போனார்கள். அந்த மாணவச் செல்வம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படித்தது.

சாமி கும்பிட வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஓட்டுக் கேட்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை. குழாய் ஸ்பீக்கரை வீட்டுப் பக்கம் திருப்பிக் கட்டாதீர்கள். 10 மணிக்கு நிறுத்துங்கள். அவ்வளவுதான் கோரிக்கை.

போலீசுக்கு ஒரு வார்த்தை

100-க்குப் போன் செய்யலாமே என்பார்கள். செய்யலாம். போலீஸ்காரர் வருவார். "இந்த வீட்டுல இருந்து கம்ப்ளெயிண்ட் வந்திருக்கு, குறைப்பா" என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் போன அரை மணியில் நாலு பேர் அந்த வீட்டு வாசலில் நிற்பார்கள். "போலீசுக்குப் போன் போடற அளவுக்குப் பெரிய ஆளாயிட்டியா?"

இந்தப் பயத்தில்தான் யாரும் போன் செய்வதில்லை. வயசுக்கு வந்த பெண் பிள்ளை இருக்கும் வீட்டில் கேட்கவே வேண்டாம்.

பரீட்சை மாதத்தில் ராத்திரி ரோந்து போகும் வண்டி, புகார் வந்தால்தான் நிற்பேன் என்று இருக்கக் கூடாது. சத்தம் கேட்டால் தானாக நிற்க வேண்டும். புகார் செய்தவர் யார் என்று வாய் திறக்கக் கூடாது. இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. ஒரு உத்தரவு போதும்.

மின்வாரியத்துக்கும் மாநகராட்சிக்கும் இதே வேண்டுகோள்தான். பராமரிப்பு வேலை என்று கரண்டை நிறுத்துவதைப் பரீட்சை முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். ராத்திரியில் ரோட்டைத் தோண்டுவதையும் தள்ளிப் போடலாம். எரியாத தெரு விளக்குக்கு 1913-ல் புகார் கொடுத்தால் அன்றே ஆள் வரட்டும். ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து இருட்டில் நடந்து வரும் பெண் பிள்ளைக்கு அந்த விளக்குதான் துணை.

இடம் இல்லாத பிள்ளைகளுக்கு இடம் கொடுக்க முடியும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. கோட்டூர்புரத்தில் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டு போய் படிக்க இடம் உண்டு. கொளத்தூரில் 2024 நவம்பரில் முதல்வர் படைப்பகம் என்று படிப்பதற்கே ஒரு கட்டிடம் திறந்தார்கள். நல்ல காரியம். ஆனால் சந்து வீட்டுப் பிள்ளை ராத்திரி 9 மணிக்கு பஸ் ஏறிக் கோட்டூர்புரம் போக முடியுமா? மாநகராட்சிப் பள்ளிக்கூடங்கள் வார்டுக்கு வார்டு இருக்கின்றன. பரீட்சை மாதத்தில் மட்டும் ராத்திரி 10 மணி வரை இரண்டு வகுப்பறையைத் திறந்து விட்டால் போதும். ஒரு வாட்ச்மேன், ஒரு டீச்சர், நாலு பேன், குடிக்கத் தண்ணீர், சுத்தமான கக்கூஸ். இதைவிட மலிவான திட்டம் கிடையாது.

வீட்டுக்காரர்களுக்கு

பெண் பிள்ளை படிக்கிறாள் என்றால் அந்த மாதம் தண்ணீர்க் குடத்தை அவள் இடுப்பில் வைக்காதீர்கள். லாரி வந்தால் தம்பி போகட்டும். அப்பா போகட்டும். "பொம்பளப் புள்ள தண்ணி எடுக்காம?" என்று கேட்கும் வாயை அம்மாதான் அடைக்க வேண்டும்.

டி.வி.யை அணைக்க வேண்டாம். குறைத்தால் போதும். ஊரிலிருந்து விருந்தாளி வருகிறேன் என்றால் "ஏப்ரல் கடைசியில வாங்க" என்று சொல்லலாம். தப்பே இல்லை.

முக்கியமாக ஒன்று. "எதிர்வீட்டுப் பையன் பாரு, 500-க்கு மேல வாங்கினான்" என்ற பேச்சை நிறுத்துங்கள். மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை 2017-லேயே அரசாங்கம் நிறுத்திவிட்டது. வீட்டில் மட்டும் ஏன் ரேங்க் லிஸ்ட்?

ரிசல்ட் நாள்

பரீட்சை முடிந்ததும் சவுகரியம் முடிந்துவிடக் கூடாது. நிஜமாகத் தேவைப்படுவது ரிசல்ட் அன்றைக்குத்தான்.

2025-ல் மே 8-ந்தேதி பிளஸ்-2 ரிசல்ட் வந்தது. 95 சதவீதம் பேர் பாஸ். இனிப்பு, மாலை, போட்டோ. சரி. மீதிப் பேர்? சுமார் 39 ஆயிரம் பிள்ளைகள். அவர்கள் அன்று ராத்திரி எப்படித் தூங்கினார்கள்?

ரிசல்ட் வந்த மறுநாள் என்ன செய்தி வரும் என்று மாலைப் பத்திரிகை படிக்கிறவர்களுக்குத் தெரியும். அந்தச் செய்தியைப் பெட்டி கட்டிப் போட்ட பத்திரிகைகளுக்கும் அதில் பங்கு உண்டு. மருந்துக்கடை மாத்திரையால் சரியாகும் வியாதி இல்லை அது. "போனா போவுது கண்ணு, வா சாப்பிடலாம்" என்று ஒரு குரல் கேட்டால் போதும், அந்த ராத்திரி கடந்துவிடும். அன்று மட்டும் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். திட்டுவதாக இருந்தால் ஒரு வாரம் கழித்துத் திட்டிக்கொள்ளலாம்.

பெயிலானால் எல்லாம் முடிந்ததா? இல்லை. ஜூன், ஜூலையிலேயே துணைத்தேர்வு எழுதலாம். பாஸ் செய்தால் அந்த வருஷமே காலேஜில் சேர வழி இருக்கிறது. மனசு தாங்கவில்லை என்றால் 104 அல்லது 14416 எண்ணுக்குப் போன் செய்யலாம். தமிழில் பேசுவார்கள். காசு கிடையாது. ராத்திரியானாலும் எடுப்பார்கள். இந்த இரண்டு நம்பரையும் வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். ஹால் டிக்கெட் நம்பரை எழுதுவது மாதிரி.

ஆயா செய்த காரியம்

புளியந்தோப்பு சந்தில் மைக் செட் அலறியபோது என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடலாம். அம்மாவுக்குப் பயம். அப்பா தூங்குகிறார். 100-க்குப் போன் செய்ய மனசு வராது. ஆயா தலை முடியை அள்ளி முடிந்துகொண்டு தெருமுனைக்கு நடப்பார். ஆயாவுக்கு என்ன பயம்? அந்தப் பையன்களை இடுப்பில் தூக்கி வளர்த்தவரே அவர்தானே!

"டேய், நம்ம பொண்ணுக்கு நாளைக்குப் பரீட்சைடா. கொஞ்சம் நிறுத்துங்கடா."

பத்துக்கு எட்டுத் தடவை பையன்கள் நிறுத்திவிடுவார்கள். "மொதல்லயே சொல்லக் கூடாதா ஆயா?" என்பார்கள். கெட்ட பிள்ளைகள் இல்லை. யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அந்தப் பையன்களில் ஒருவன் இரண்டு வருஷத்துக்கு முன் அதே கணக்குப் பரீட்சையில் கோட்டை விட்டவனாக இருப்பான். அவன் படிக்கும்போது ஸ்பீக்கரை நிறுத்தச் சொல்ல எந்த ஆயாவும் வரவில்லை.

எல்லாத் தெருவிலும் ஆயா இருக்க மாட்டார். அதற்குத்தான் போலீஸ் இருக்கிறது, மாநகராட்சி இருக்கிறது, கட்சிக்காரர்கள் இருக்கிறார்கள், கோவில் கமிட்டி இருக்கிறது. ஒரு மாதம், ஒரே ஒரு மாதம், இவர்கள் எல்லோரும் அந்த ஆயா மாதிரி நடந்துகொண்டால் போதும்.

காலையில் 10.15-க்கு அந்தப் பெண் எழுதத் தொடங்குவாள். கேள்வி கஷ்டமாக இருக்கலாம். அது அவள் பாடு. தூக்கமாவது அவளுக்கு மிச்சம் இருக்கட்டும்!